தலைவியம்மா வீட்டுப் பிள்ளை

வாங்க டீச்சர், உள்ள வாங்க. செருப்பை வாசல்ல விடாதீங்க, இந்தத் தெரு நாய் ஒத்தச் செருப்பாத் தூக்கிட்டுப் போயிரும். இந்தச் சேர்ல உக்காருங்க. ஃபேன் மெதுவாத்தான் சுத்தும், கோவிச்சுக்காதீங்க. டீ போட்டுட்டேன். நீங்க பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பாத்துட்டேன். கையில ஒரு ஃபைலு, தோள்ல ஒரு பை. பாத்த உடனே தெரிஞ்சுருச்சு, பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைகளைத் தேடி வர்றவங்கன்னு. எனக்குத் தெரியாதா? அந்த வேலையை நானே செஞ்சவ.

யுவஸ்ரீயா? இருக்கா. உள் ரூம்ல படுத்திருக்கா. கூப்பிட்டா வரமாட்டா. வேண்டாம், கதவைத் தட்டாதீங்க. அவளைப் பாக்குறதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேளுங்க. உங்களை யாரு அனுப்பினது? பஞ்சவர்ணமா? பெரிய டீச்சரா? சரி, சொல்லாதீங்க. சொன்னா உங்க வேலைக்கு ஆகாது. டீயை எடுத்துக்கங்க.

என் பேரு பூமயிலு. உங்க ஃபைல்ல தாய் பேருன்னு அதுதான் போட்டிருக்கும். ஆனா இந்த ஊருக்குள்ள வந்து பூமயிலு வீடு எங்கன்னு போன வருசம் கேட்டிருந்தீங்கன்னா, சின்னப் பிள்ளைகூடத் திருத்தியிருக்கும். தலைவியம்மா வீடான்னு கேட்டிருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நான் தலைவி டீச்சர். தலைவியா இருந்தேன்.

நானாப் போயிக் கேட்டு வாங்கினதில்ல. அன்னைக்கு வேப்பமரத்தடியில கூட்டம். பெரிய டீச்சர் எந்திரிச்சு, இங்க படிக்கிற பிள்ளையோட அம்மாதான் தலைவியா வரணும், அதுதான் விதி, யாரு வர்றீங்கன்னாங்க. அத்தனை பொம்பளையும் குனிஞ்சு புல்லைப் புடுங்குறாளுக. நான் எதுக்குப் போனேன்? சத்துணவு முட்டையில நாத்தம் வருதுன்னு சண்டை போடப் போனேன். சத்தமாக் கேட்டேன். அதுக்குத்தான் பெரிய டீச்சர், "பூமயிலு நல்லாப் பேசுது, அதையே போட்ருவோம்"னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. எதுக்குத் தட்டினாங்க? தப்பிச்சோம்டான்னு தட்டினாங்க. எனக்கு அப்ப அது புரியல. எனக்காகத்தான் தட்டுறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

முதல் கூட்டத்துக்குப் போறேன். பெரிய டீச்சர் பக்கத்துல கைவச்ச சேரு ஒண்ணு கெடக்கும். அதுல வார்டு மெம்பர் உக்காந்திருக்காரு. அவருக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளையும் கெடையாது, பேரனும் கெடையாது. பேரன் டவுனுக்கு மஞ்ச வேன்ல போறான். நேரா முன்னாடி போயி நின்னேன். "அண்ணே, இது தலைவி உக்கார்ற சேரு"ன்னேன். சிரிச்சாரு. நானும் சிரிச்சேன், ஆனா நகரல. எந்திரிச்சுட்டாரு டீச்சர்! அன்னைக்கு அந்தச் சேர்ல உக்காந்தப்ப எனக்குக் கையை எங்க வைக்கிறதுன்னு தெரியல. பொறந்ததுலேர்ந்து கைவச்ச சேர்ல உக்காந்ததில்ல, பொய் சொல்லல.

அப்புறம் பாருங்க. பொண்டாட்டி பேரு குழுவுல இருக்கும், கூட்டத்துக்குப் புருசன் வருவான். டீயும் வடையும் தின்னுட்டு, அவளுக்கும் சேத்துக் கையெழுத்தைப் போட்டுட்டுப் போவான். அதை நிப்பாட்டினேன். புருசன்மாரெல்லாம் வெளிய பெஞ்சுல இருங்க, வடை அங்கயே வரும்னேன். ஊரே சிரிச்சுச்சு. பொம்பளைப் பிள்ளைக கக்கூஸுக்குத் தாழ்ப்பாளு கெடையாது, ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய காவல் நிக்கும். தாழ்ப்பாளு போட வச்சேன். தண்ணி மோட்டாரு ரிப்பேராக் கெடந்துச்சு, மாத்த வச்சேன். மானாமதுரை பஸ்ஸு பள்ளிக்கூடத்துக்கிட்ட நிக்காமப் போவும். ரோட்டுல குறுக்க உக்காந்தேன். இப்ப நீங்க இறங்குனீங்களே, அந்த ஸ்டாப்பு, அது என்னுது. கண்டக்டருகூட "தலைவியம்மா ஸ்டாப்பு இறங்கு"ன்னுதான் கத்துவாரு. இன்னைக்கு என்ன சொல்லிக் கத்துனாரு? பள்ளிக்கூடம்னாரா? ம். அதுவும் மாறிப்போச்சு.

கடைக்குப் போனா தலைவியம்மா. கல்யாண வீட்டுக்குப் போனா, தலைவியம்மாவுக்கு எலை போடுங்கப்பான்னு சத்தம். என் மகதான் ஒருநாளும் கூப்பிட்டதில்ல. ஊரே கூப்பிடுது, கேலிக்காவது ஒருக்காக் கூப்பிடுடின்னு கேட்டிருக்கேன். "போம்மா, ஊருக்குத்தான் நீ தலைவி, எனக்கு அம்மா"ன்னுட்டுப் போயிருவா. அப்படித்தான் பேசுவா. சாமர்த்தியம். அவ அப்பா வழி.

டீ ஆறுது டீச்சர்.

இடைநின்ற பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்றதுல எனக்குன்னு ஒரு முறை உண்டு. நீங்கள்லாம் வந்து ஃபைலைத் திறந்து கேள்வி கேப்பீங்க, அவங்க மண்டைய ஆட்டுவாங்க, நீங்க போனதும் பிள்ளை ஆட்டை ஓட்டிட்டுப் போயிரும். நான் கேள்வியே கேக்கமாட்டேன். அந்த வீட்டு வாசல்ல போயி உக்காந்துருவேன். கூட நாலு பொம்பளைகளை உக்கார வைப்பேன். தண்ணி கொடுத்தா வாங்கமாட்டேன். டீ கொடுத்தா வாங்கமாட்டேன். நம்ம பக்கத்துல வாசலுக்கு வந்தவ பச்சத்தண்ணி வாங்காம உக்காந்திருந்தா அதைவிட அசிங்கம் உண்டா? தெருவே எட்டிப் பாக்கும். அப்பத்தான் வாயைத் திறப்பேன். பிள்ளை படிப்பைக் கெடுக்குறவ தாயாடின்னு ஒரே கேள்விதான். கடைசி வீட்டு வரைக்கும் கேக்கும். மறுநாள் அந்தப் பிள்ளை யூனிபார்ம் போட்டு வந்து நிக்கும். செங்கச் சூளையில வேலை பாத்த தாய் ஒருத்தி அழுதே அழுதுட்டா. அழட்டும்னு விட்டேன். பிள்ளை வந்துச்சுல்ல?

பிள்ளை சேக்குற மாசம் வந்தா, வீடு வீடாப் போவேன். டவுன் பள்ளிக்கூடத்துக்கு வேன்ல அனுப்புற வீடெல்லாம் போவேன். "நம்ம பள்ளிக்கூடத்துல என்ன படிப்பு இருக்கு"ன்னு கேப்பாங்க. "என் மகளே இங்கதான படிக்குது"ன்னு ஒரு வார்த்தை சொல்வேன். மறுவார்த்தை பேசமாட்டாங்க. அது பெரிய வார்த்தை டீச்சர். அந்த வார்த்தையை வச்சுத்தான் அந்தப் பள்ளிக்கூடம் நிக்கிது. பிள்ளை குறைஞ்சா வாத்தியாரை எடுத்துருவாங்கல்ல? இதை மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளுங்க.

எட்டாவது முடிக்கப்போற பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வந்துச்சு. நம்ம பள்ளிக்கூடத்துலயும் பத்தாவது வரைக்கும் உண்டு, ஆனா அதுல தேறினா ஒன்பதாவதுலேர்ந்து சிவகங்கைப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்துல தங்கிப் படிக்கலாம். டாக்டருக்கு, இஞ்சினியருக்கெல்லாம் அங்கயே சொல்லிக் கொடுக்குறாங்களாம். எல்லாப் பிள்ளையும் எழுதணும்னு வேன் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனதே நான்தான். நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஒரு இடம் கெடச்சுச்சு. முதல்ல வந்தது யுவஸ்ரீ. அவளுக்கு அடுத்து ஹரிணி. பஞ்சவர்ணம் மக. பஞ்சவர்ணம் நம்ம குழுவுல துணைத் தலைவி. சத்தமே போடமாட்டா. கூட்டத்துல நான் என்ன சொன்னாலும், "அக்கா சொன்னாச் சரி"ம்பா. அந்த மாதிரி ஆளைத்தான் நம்பக் கூடாது.

யுவாவுக்குக் கால் தரையில நிக்கல. தகரப் பெட்டி வேணும்னா. வாளி, தட்டு, போர்வை, பூட்டு. வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன், எழுதிக்கங்க. பெட்டியில பேரை வெள்ளை பெயின்ட்ல அவளே எழுதினா.

பள்ளிக்கூடம் திறந்த உடனே பெரிய டீச்சர் கூப்பிட்டாங்க. சந்தோசம் பூமயிலு, இதுல நீ சம்மதக் கையெழுத்துப் போடணும்னாங்க. பேனாவை எடுத்துட்டேன். அப்பத்தான் சொல்றாங்க, "பிள்ளை இங்க இல்லன்னா நீ குழுவுல இருக்க முடியாது, தெரியும்ல? அடுத்து பஞ்சவர்ணம் பாத்துக்கும்"னு. அவளுக்கு மகன் ஒருத்தன் ஆறாவதுல இருக்கான். எனக்கு யுவாவை விட்டா வேற பிள்ளை இல்ல. கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க.

பேனாவைக் கீழ வச்சுட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னேன்.

பதவிக்காக இல்ல டீச்சர். அந்தப் பார்வை பாக்காதீங்க. சாமி சத்தியமா அதுக்காக இல்ல. யோசிச்சுப் பாருங்க, என் மகளே இங்கதான படிக்குதுன்னு வீடு வீடாச் சொன்னவ. நாளைக்கு என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்? தலைவி மகளையே வெளிய அனுப்பிட்டா, மத்தவ அனுப்பமாட்டாளா? பள்ளிக்கூடம் என்னத்துக்கு ஆகும்?

அப்ப ரெண்டு வகுப்பறை கட்டி முடிச்சு வெள்ளையடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் மனு மனுவாக் கொடுத்து வந்த கட்டடம். ஆவணியில திறப்பு விழா. கல்வெட்டு வெட்டக் கொடுத்தாச்சு. கடைசி வரியில, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி திருமதி மு. பூமயில்னு. மானாமதுரைக்குப் போயி அந்தப் பட்டறையில நின்னு பாத்தேன். கல்லு வெட்டுறவரு என் பேருல முதல் எழுத்தை அப்பத்தான் வெட்டிக்கிட்டு இருந்தாரு. கொஞ்சம் பெருசா வெட்டுங்கண்ணேன்னேன். இடம் பத்தாதும்மான்னாரு. எங்க அப்பாவுக்குத் தன் பேரு எழுதத் தெரியாது டீச்சர். கல்லுல என் பேரு வரப்போவுது. ஆவணி வரைக்கும்தான கேட்டேன்? அதுக்குள்ள என்ன முழுகிப்போவுது? விடுதியில அதுவரைக்கும் இடத்தை வச்சிருக்கமாட்டாங்களாம். கெடு முடிஞ்சா அடுத்த பிள்ளைக்காம்.

வீட்டுக்காரரு ஆந்திராவுல முறுக்குக் கம்பெனியில மாஸ்டரு. ஃபோன்ல கேட்டேன். அனுப்பிவிடுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு. எண்ணெய்ச் சட்டி முன்னாடி நிக்கிற மனுசனுக்கு இங்க உள்ள நிர்வாகம் தெரியுமா? நான்தான் முடிவெடுக்கணும். எடுத்தேன். கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சொன்னேன்: "என் மக இந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கும். ஊருக்காக இதைச் செய்றேன்." கை தட்டினாங்க. பஞ்சவர்ணம் மட்டும் தட்டல. அழுதா. மகளுக்கு இடம் கெடச்ச சந்தோசத்துல அழுகுறான்னு அப்பவே எனக்குத் தெரியும். வெளிய வந்து, "அக்கா, இன்னும் ஒரு நாள் இருக்கு, போட்ருங்கக்கா, யுவா நல்லாப் படிக்கிற பிள்ளை"ன்னா. நடிப்பு. எனக்குக் கேக்கவேயில்லங்குற மாதிரி வந்துட்டேன்.

யுவா அழுவான்னு நினைச்சேன். அழல. "நான் கேட்டேனாம்மா ஊருக்காக?"ன்னு மட்டும் கேட்டா. அதோட சரி. கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் போனா. ஹரிணியை விடுதிக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு, வகுப்புல இருந்த பிள்ளை பாதியில எந்திரிச்சு வந்து படுத்துச்சு. அன்னையிலேர்ந்து போகல. சாப்பிடுவா, குளிப்பா, கோழிக்குத் தீனி போடுவா. என்கிட்ட ஒரு வார்த்தை கெடையாது. அந்தப் பெட்டியை இன்னும் பிரிக்கல டீச்சர். அதுக்குள்ள வச்ச சோப்பு வாசம் வீடெல்லாம் வருது. அவ்வளவு வைராக்கியம்.

அடிக்கிறதா? அடிச்சேன். ஒருக்கா. அதுக்கும் பேசல.

பெரிய டீச்சர்கிட்டப் போனேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்ல, வருகையில மட்டும் போட்டு வைங்க, ஆவணி தாண்டட்டும்னேன். என்னமோ கொலை பண்ணச் சொன்ன மாதிரிப் பாத்தாங்க. "நீயே இப்படிக் கேக்கலாமா"ன்னாங்க. என்னால வந்த மோட்டார்லதான தண்ணி குடிக்கிறீங்க? ஒரு டிக்கு. ஒரு டிக்குப் போட முடியாதா? பிள்ளை தொடர்ந்து வராததால தாய் தலைவியா இருக்க முடியாதுன்னு எழுதிட்டாங்க. கல்வெட்டுல கடைசி வரியை மாத்திட்டாங்க. பஞ்சவர்ணம் பேரு. திறப்பு விழா அன்னைக்கு நான் இந்தச் சேர்லதான் உக்காந்திருந்தேன். மைக்குச் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. என் பேரை ஒருத்தர் சொல்லல. மக விடுதியில படிக்கிறா, தாய் பேரு கல்லுல. ரெண்டு பெத்தவளுக்கு ரெண்டும் கெடச்சுச்சு. ஒண்ணு பெத்தவளுக்கு ஒண்ணுமில்ல.

அதோட விட்டாளா பஞ்சவர்ணம்? போன வாரம் வந்தா. நாலு பொம்பளைகளோட வந்தா. வாசல்ல உக்காந்தா. என் வாசல்ல டீச்சர்! தண்ணி கொண்டு போயிக் கொடுத்தேன், வாங்கல. சூளைக்காரி இருந்தா அதுல, அவளும் வாங்கல. தெருவே எட்டிப் பாக்குது. திட்டுவான்னு நினைச்சேன். திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், என் வாய்க்கு அவ ஈடா? திட்டல. "நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்க்கா"ன்னா. அம்புட்டுதான் சொன்னா. பொழுது சாயுற வரைக்கும் பேசாம உக்காந்திருந்துட்டு, எந்திரிச்சுப் போனாளுக. செம்புத் தண்ணியை நான்தான் வேப்பங்கன்னுக்கு ஊத்தினேன்.

நீங்களும் டீயைத் தொடல. பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஆறிப்போச்சு. வேற போடவா?

என்ன? இன்னொரு விடுதியா? எங்க? படிப்பு விட்டுப்போன பொம்பளைப் பிள்ளைகளுக்குன்னு நடத்துறதா? பத்தாவதும் எழுதலாம்ங்குறீங்க. அப்ப, என் மக இடைநின்ற மாணவின்னு எழுதுவீங்க. அதுக்கு நான் கையெழுத்துப் போடணும். இன்னைக்கே. மறுபடியும் கையெழுத்து.

நல்லா இருக்கு டீச்சர். நீங்க நல்ல மனசோட வந்திருக்கீங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. பெரிய டீச்சர் சொல்லியிருக்காங்க, பிள்ளை மறுபடி ஒழுங்கா வகுப்புக்கு வந்தா, வர்ற வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல என்னைத் திரும்ப எடுத்துக்கலாமான்னு பேசலாம்னு. பேசலாம்னுதான் சொன்னாங்க. ஆனா நான் போயி நின்னா யாரு எதுத்துப் பேசுவா? நீங்க சொன்னா அவ கேப்பா. உள்ள போயி அவகிட்டச் சொல்லுங்க, ஒரே ஒரு மாசம் இங்க போயி உக்காந்துட்டு வரட்டும். படிக்கக்கூட வேண்டாம். சும்மா உக்காரட்டும். அப்புறம் எந்த விடுதிக்கு வேணாலும் கூட்டிட்டுப் போங்க. நானே கொண்டாந்து விடுறேன். இந்த ஒரு உதவியை...

யாரு?

பாருங்க, வந்துட்டா. பெரியவங்க வந்தா மரியாதை தெரிஞ்ச பிள்ளை. ஏய், எதுக்குடி அந்தப் பெட்டியை இழுத்துட்டு வர்ற? எங்க கெளம்பிட்ட? டீச்சர் இன்னும் டீயே குடிக்கல. தலையச் சீவிட்டு வாடி.

என்ன? டீச்சர் பேனாவை எதுக்குடி புடுங்குற?

என்ன சொன்ன? இன்னொருக்காச் சொல்லு.

கேட்டீங்களா டீச்சர்? "தலைவியம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க"ங்குறா. இத்தனை நாளும் வாயைத் திறக்காதவ. போடும்மான்னு வரல பாருங்க, போடுங்கன்னு வருது. ஊர்க்காரி மாதிரி. மனு கொண்டாந்தவ மாதிரி நிக்கிறா. ஒருத்தரும் இப்பக் கூப்பிடுறதில்லடி என்னை. தெரிஞ்சுதான கூப்பிடுற?

சிரிக்கக்கூட மாட்டேங்குறா. கண்ணைப் பாருங்க, அசையுதா.

குடு.

எங்க, இங்கயா? இந்தக் கட்டத்துலயா? நல்ல பேனா. எழுதி ரொம்ப நாளாச்சு. மு. பூமயில். இந்தாங்க. போட்டாச்சு. வெள்ளிக்கிழமையும் போச்சு, எல்லாம் போச்சு. சந்தோசமாடி? நில்லுடி, பெட்டியை நான் தூக்குறேன். தொடவிடமாட்டேங்குறா. வாசல்ல இறங்கிட்டா பாருங்க.

ஏன் டீச்சர் அதையே பாக்குறீங்க? தப்பா? எங்க, காட்டுங்க.

ஆத்தாடி. பேருக்குக் கீழ தலைவின்னு எழுதிட்டேன். எதுல கையெழுத்துப் போட்டாலும் கீழ அதை எழுதி எழுதி, அதுவா வந்துருச்சு. பழகின கை.

தாய்னு எழுதணுமா, இங்க?

யுவா, இருடி, ஒரு நிமிசம் இரு, பஸ்ஸு வர நேரமிருக்கு. டீச்சர், வேற தாளு இல்லையா? சரி, அப்ப இதை அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதிர்றேன். சொல்லுங்க டீச்சர், தாய்னு அடிச்சு எழுதினாச் செல்லுமா?